புதிய ஹார்ட் டிஸ்க் இணைத்தபின் டிரைவ் எழுத்துகள் மாறிவிடுகின்றன: நிலையாக வைப்பது எப்படி?

நீலவானம் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் கணினியில் விண்டோஸ் 11 ஓர் எஸ்எஸ்டியில் இருக்கிறது. அது சி டிரைவ். கோப்புகளுக்கென்று தனியாக வைத்திருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க், டி டிரைவ். காப்புநகல் எடுப்பதற்காக அவ்வப்போது யுஎஸ்பி வழியாக இணைக்கும் வெளிப்புற டிஸ்க், ஈ டிரைவ். நெடுங்காலமாக இந்த ஏற்பாடு தொல்லையின்றி நடந்துவந்தது.

டி டிரைவ் நிரம்பும் நிலைக்கு வந்ததால் 4 டிபி டிஸ்க் ஒன்றை வாங்கி, குளோன் செய்யும் மென்பொருள் ஒன்றின் துணையோடு பழையதை அப்படியே புதியதில் படியெடுத்தேன். வேலை பிழையின்றி முடிந்தது. ஆனால் புதிய டிஸ்க் எக்ஸ்புளோரரில் தென்படவில்லை. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால் ‘ஆஃப்லைன்’ என்றிருந்தது. வலது கிளிக் செய்து ‘ஆன்லைன்’ கொடுத்ததும் எஃப் என்ற எழுத்தோடு வந்துவிட்டது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்கினால் புதியது தானாகவே டி ஆகிவிடும் என்று எதிர்பார்த்தேன். ஆகவில்லை, எஃப் ஆகவே நிற்கிறது. ‘டாக்குமென்ட்ஸ்’ கோப்புறையை முன்பே டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்ததால், அதைத் திறக்கும்போதெல்லாம் அந்த இடம் கிடைக்கவில்லை என்ற செய்தி வருகிறது. புகைப்படங்களை நிர்வகிக்கும் மென்பொருளும் ஒரு படத்தைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை. பழைய டிஸ்க்கை மீண்டும் மாட்டினால் எல்லாம் சரியாகிவிடுகின்றன.

இத்துடன் வேறு மூன்று செய்திகளும் உண்டு. வெளிப்புற டிஸ்க் சில நேரம் ஈ ஆகவும் சில நேரம் ஜி ஆகவும் வருவதால் காப்புநகல் பாதியில் நின்றுவிடுகிறது. எக்ஸ்புளோரரில் ஏறத்தாழ 600 எம்பி அளவுள்ள பெயரில்லாத டிரைவ் ஒன்று முளைத்து, இடம் தீர்ந்துவருவதாக எச்சரிக்கிறது. புதிய டிஸ்க்கில் 931 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருக்க, மீதி இடம் 1117 ஜிபி, 1678 ஜிபி என்று இரண்டு துண்டுகளாக ‘ஒதுக்கப்படாதது’ எனக் காட்டப்படுகிறது. இரண்டாவது துண்டில் வால்யூம் (தனி எழுத்து பெறும் சேமிப்புப் பகுதி) உருவாக்கும் வசதியே மங்கலாக இருக்கிறது.

டிஸ்க்குகளை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிள்களை இடம் மாற்றிப் பொருத்தினால் சரியாகும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். விண்டோஸையே மீண்டும் நிறுவ வேண்டும் என்கிறார் இன்னொருவர். எது சரி?

சாளரம் (பதில்):

இரண்டுமே தேவையில்லை, நண்பரே. நீங்கள் தனித்தனியாகச் சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து வருகிறது: டிரைவ் எழுத்து என்பது டிஸ்க்கின்மேல் எழுதப்பட்டிருக்கும் செய்தியன்று. அது உங்கள் விண்டோஸ் தனக்காக வைத்திருக்கும் பதிவேட்டில் உள்ள ஒரு வரி. அதனால்தான் அதே டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டினால் வேறொரு எழுத்து கிடைக்கிறது.

அந்தப் பதிவேடு, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியின் சிஸ்டம் கிளையில் ‘மவுன்டட் டிவைசஸ்’ என்ற பெயரில் இருக்கிறது. டி என்ற எழுத்துக்கு நேராக அங்கே டிஸ்க்கின் பெயரோ, கேபிளின் இடமோ, கொள்ளளவோ எழுதப்படுவதில்லை. டிஸ்க்கைப் பார்ட்டிஷன் எனப்படும் பகுதிகளாகப் பிரிக்க எம்பிஆர் என்ற பழைய முறையும் ஜிபிடி என்ற புதிய முறையும் உண்டு. எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்காக இருந்தால் மொத்தம் 12 பைட்டுகள்: முதல் 4 பைட்டுகள் டிஸ்க்கின் கையொப்ப எண், அடுத்த 8 பைட்டுகள் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கு. ஜிபிடி முறையாக இருந்தால் அந்தப் பார்ட்டிஷனுக்கே உரிய 16 பைட் அடையாள எண். இந்த எண்கள் பொருந்தினால் பழைய எழுத்து திரும்பக் கிடைக்கும்; பொருந்தாவிட்டால் விண்டோஸைப் பொறுத்தவரை அது இதுவரை பார்த்தேயிராத வால்யூம், ஆகவே காலியாக உள்ள எழுத்துகளில் முதலாவதைக் கொடுத்துவிடும்.

உங்களுக்கு நடந்தது இதுதான். குளோன் மென்பொருள் கையொப்ப எண்ணையும் சேர்த்தே படியெடுத்துவிட்டது. ஒரே கையொப்பத்துடன் இரண்டு டிஸ்க்குகள் வந்து நின்றதால் விண்டோஸ் இரண்டாவதை ஆஃப்லைனில் நிறுத்தியது. அப்போது அந்த ‘ஆஃப்லைன்’ என்ற சொல்லின்மேல் சுட்டியை வைத்திருந்தால் கையொப்ப மோதல் என்ற காரணத்தையும் பார்த்திருப்பீர்கள். ஆன்லைன் கொடுத்த கணத்தில் புதிய டிஸ்க்குக்கு வேறொரு கையொப்பம் எழுதப்பட்டது. அதன்பின் பதிவேட்டின்படி டி என்பது பழைய டிஸ்க் மட்டுமே. புதியதைத் தனியாக மாட்டினாலும் அது டி ஆகாததன் காரணம் இதுவே.

இனி, செய்ய வேண்டியது. எழுத்தை மட்டும் மாற்றி இந்த டிஸ்க்கை இப்படியே பயன்படுத்தலாம் என்றாலும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். பயன்பாட்டில் உள்ள இடத்தையும் நீங்கள் குறிப்பிட்ட முதல் துண்டையும் கூட்டிப் பாருங்கள்: 931 ஜிபியும் 1117 ஜிபியும் சேர்ந்தால் சரியாக 2048 ஜிபி, அதாவது எம்பிஆர் முறையின் உச்சவரம்பு. அதற்கு அப்பாலுள்ள 1678 ஜிபியை அந்த முறையில் எட்டவே இயலாது. குளோன் மென்பொருள் பழைய டிஸ்க்கின் எம்பிஆர் அமைப்பையும் கொண்டுவந்து சேர்த்ததால் வந்த வினை இது. விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கை மாற்றும்போது குளோன் செய்வதற்கு நியாயம் உண்டு. வெறும் கோப்புகள் மட்டுமே இருக்கும் டிஸ்க்குக்கு அது எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. புதிய டிஸ்க்கை ஜிபிடியாக அமைத்துக் கோப்புகளை நகலெடுப்பதே நேர்வழி.

முதலில் புதிய டிஸ்க்கில் மட்டும் சேமித்த கோப்பு ஏதேனும் இருந்தால் அதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். அடுத்து, இரண்டு டிஸ்க்குகளையும் மாட்டிக்கொண்டு டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, எது எது என்பதைக் கொள்ளளவை வைத்து உறுதிசெய்யுங்கள். வால்யூமின் பெயரை நம்ப வேண்டாம். குளோன் செய்ததில் அதுவும் நகலாகியிருக்கும், ஆகவே இரண்டும் ஒரே பெயரோடுதான் நிற்கும். ‘டிஸ்க் 1’, ‘டிஸ்க் 2’ என்ற எண்களையும் நம்ப வேண்டாம். ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் அவை மாறக்கூடும். 3725 ஜிபி என்று காட்டுவது புதியது. அதிலுள்ள எஃப் வால்யூமை அழித்துவிட்டு, இடப்பக்கம் டிஸ்க்கின் பெயர் இருக்கும் சாம்பல் நிறக் கட்டத்தில் வலது கிளிக் செய்தால் ஜிபிடியாக மாற்றும் தேர்வு கிடைக்கும். அதன்பின் முழு இடத்தையும் ஒரே வால்யூமாக அமைத்து, ‘கோப்புகள் 4டிபி’ என்பதுபோலக் குழப்பமில்லாத பெயர் ஒன்றைக் கொடுங்கள். பிறகு விண்டோஸிலேயே உள்ள நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பி மூலமோ எக்ஸ்புளோரர் மூலமோ கோப்புகளை நகலெடுங்கள். மறைந்திருக்கும் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’, மறுசுழற்சித் தொட்டி ஆகிய இரண்டையும் விட்டுவிடலாம். கோப்புறைகளின் பெயரும் அடுக்கும் பழையபடியே இருக்க வேண்டும் என்பதில் மட்டும் கவனம் தேவை.

கடைசியாக எழுத்து. ஒரே எழுத்தை இருவருக்குக் கொடுக்க முடியாதாகையால், முதலில் பழைய டிஸ்க்கின் டி எழுத்தை ஆர் என்று மாற்றுங்கள். அதன்பின் புதியதன் எழுத்தை டி ஆக்குங்கள். இந்த இடைவெளியில் ‘டாக்குமென்ட்ஸ்’ பற்றிய பிழைச்செய்தி வந்தால் அதை மூடிவிடுங்கள். அந்தக் கோப்புறையின் பண்புகளுக்குள் போய் இயல்பு இடத்துக்குத் திருப்பும் பொத்தானை அழுத்திவிட வேண்டாம். பாதை பழையதாகவே இருப்பதால், டி திரும்பியதும் அதுவும் தானாகத் திரும்பிவிடும். இவ்வளவும் சரியாக நடப்பதை உறுதிசெய்யும்வரை பழைய டிஸ்க்கில் எதையும் அழிக்காதீர்கள்.

பழைய விசைப்பலகை (பதில்):

கேபிளை மாற்றச் சொன்னவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் டாஸ் காலத்து அனுபவத்திலிருந்து பேசுகிறார் என்று தோன்றுகிறது. எம்எஸ்-டாஸிலும் விண்டோஸ் 95, 98 ஆகியவற்றிலும் டிரைவ் எழுத்துகள் எங்கும் பதிவாவதில்லை. கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக எண்ணப்பட்டன. முதலில் ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள முதன்மைப் பார்ட்டிஷனுக்கு ஓர் எழுத்து, அதன்பிறகே முதல் டிஸ்க்கில் முதன்மையல்லாத பிரிவுகளான லாஜிக்கல் டிரைவுகள், பிறகு இரண்டாவதன் லாஜிக்கல் டிரைவுகள். ஆகவே சி, டி என்று இரண்டு டிரைவுகளாகப் பிரிக்கப்பட்ட ஒரே டிஸ்க் இருந்த கணினியில் இரண்டாவது டிஸ்க்கை மாட்டினால், புதியது டி ஆகிவிடும். பழைய டி ஒரு படி தள்ளி ஈ ஆகிவிடும். அதோடு நிறுவிய மென்பொருள்களில் பாதி இயங்காது. இதைத் தவிர்ப்பதற்காகவே இரண்டாவது டிஸ்க்கில் முதன்மைப் பார்ட்டிஷனே இல்லாமல் லாஜிக்கல் டிரைவுகளை மட்டும் அமைப்பார்கள். ஒரே கேபிளில் எந்த டிஸ்க் முதலாவது, எது இரண்டாவது என்று குறிக்கும் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர்களுக்கும் அன்று முக்கியத்துவம் இருந்தது.

விண்டோஸ் 2000 முதல் மேலே சாளரம் அவர்கள் விளக்கிய பதிவேட்டு முறைதான். கேபிளை எந்த சாட்டா துளையில் செருகினாலும் எழுத்து மாறாது. எந்த டிஸ்க்கிலிருந்து கணினி தொடங்க வேண்டும் என்ற பயாஸ் வரிசை மட்டும் குழம்பக்கூடும்; இருக்கும் சிக்கலோடு அதையும் சேர்த்துக்கொள்ளத் தேவையில்லை.

ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்காக ஒதுக்கப்பட்டவை என்பதும் அந்தக் காலத்தின் மிச்சமே. இன்றைக்கு அவற்றைக் கையால் கொடுக்கத் தடையில்லை. ஆயினும் நான் கொடுப்பதில்லை.

இரவுப்பணி (பதில்):

வெளிப்புற டிஸ்க் ஈ, ஜி என்று மாறிமாறி வருவதற்குக் காரணம் வேறு. அந்த டிஸ்க் இணைக்கப்படாத நேரத்தில் ஈ என்ற எழுத்து காலியாக இருக்கிறது. அப்போது ஒரு பென்டிரைவையோ கேமரா அட்டையையோ செருகினால், காலியான எழுத்துகளில் முதலாவதாக இருப்பது ஈ என்பதால் அது அதற்குப் போய்விடுகிறது. பதிவேட்டில் ஈ எழுத்துக்கு நேரான வரியும் மாற்றி எழுதப்படுகிறது. பென்டிரைவை எடுத்துவிட்டுப் பிறகு நீங்கள் காப்புநகல் டிஸ்க்கை மாட்டும்போது, அதற்கு முன்பிருந்த உரிமை போயிருக்கும். அப்போது எது காலியோ அதுவே கிடைக்கும்.

இதற்கான தீர்வு மிக எளிது. தானாக எழுத்து கொடுக்கும்போது விண்டோஸ் கீழிருந்து மேலாக வருகிறது. ஆகவே கழற்றி மாட்டும் டிஸ்க்குகளுக்கு எம்முக்கு மேற்பட்ட எழுத்துகளைக் கையால் கொடுத்துவிட்டால் அவை பறிபோவது ஏறக்குறைய நின்றுவிடும். இசட் பக்கம் மட்டும் போகாதீர்கள். நெட்வொர்க் டிரைவ் இணைக்கும்போது எக்ஸ்புளோரர் இசட்டில் தொடங்கிக் கீழ்நோக்கி வருகிறது. காப்புநகல் டிஸ்க்குக்கு எஸ் கொடுத்துவிட்டு, காப்புநகல் மென்பொருளிலும் பாதையை ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

நீங்கள் விரும்பும் எழுத்து பட்டியலிலேயே இல்லாமல் போனால், அட்டைப் படிப்பான் ஏதேனும் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு துளைகள் உள்ள படிப்பான் அட்டை எதுவும் இல்லாமலே நான்கு எழுத்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காலி டிரைவுகளை எக்ஸ்புளோரர் மறைத்துவிடுவதால் நம் கண்ணில் படாது. டிஸ்க்பார்ட் என்ற விண்டோஸ் கட்டளைக் கருவியில் ‘லிஸ்ட் வால்யூம்’ என்று கொடுத்தால் எல்லாம் வரிசையாக வந்துவிடும்.

அந்த 600 எம்பி டிரைவ் பெரும்பாலும் விண்டோஸின் மீட்புப் பார்ட்டிஷன். அதற்கு எழுத்தே இருக்கக்கூடாது. எப்படியோ ஒன்று ஒட்டிக்கொண்டது. டிஸ்க்பார்ட்டில் அந்த வால்யூமைத் தேர்ந்தெடுத்து ‘ரிமூவ்’ கட்டளையால் எழுத்தை மட்டும் நீக்குங்கள், எச்சரிக்கையும் நின்றுவிடும். பார்ட்டிஷனையே அழித்துவிடாதீர்கள், கணினி தொடங்காமல் நிற்கும் நாளில் அது வேண்டும்.

என் விருப்பத்தைக் கேட்டால், நிலையாக உள்ளே இருக்கும் டிஸ்க்குகளுக்கு எழுத்தே வேண்டாம். சி டிரைவில் வெற்றுக் கோப்புறை ஒன்றை உருவாக்கி அதனுடன் வால்யூமை இணைத்துவிடலாம். அதன்பின் எழுத்துச் சண்டையே கிடையாது.

சாளரம் (பதில்):

இரவுப்பணி சொன்ன கோப்புறை முறை நல்லதுதான், குறிப்பாக எழுத்துகளே போதாத அளவுக்கு டிஸ்க்குகள் உள்ளவர்களுக்கு. ஆனால் நீலவானத்தின் நிலையில் எனக்கு உடன்பாடில்லை. அவருடைய ‘டாக்குமென்ட்ஸ்’ பாதையும் புகைப்பட மென்பொருளின் பட்டியலும் டி என்றே தொடங்குகின்றன. அவை எல்லாவற்றையும் திருத்துவதைவிட டி எழுத்தை மீட்பது எளிது. மேலும், காப்புநகல் மென்பொருள்கள் சில இணைக்கப்பட்ட கோப்புறைக்குள் நுழையாமலே கடந்துபோகின்றன. அது தெரியவருவது பெரும்பாலும் காப்புநகல் தேவைப்படும் நாளில்தான்.

நீலவானம்:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. புதிய டிஸ்க்கை ஜிபிடியாக மாற்றி 3725 ஜிபியையும் ஒரே வால்யூமாக அமைத்துவிட்டேன், கோப்புகளும் நகலாகிவிட்டன. மீட்புப் பார்ட்டிஷனின் எழுத்தை நீக்கியதும் எச்சரிக்கை நின்றது. வெளிப்புற டிஸ்க் இப்போது எஸ். வேறொரு பென்டிரைவைச் செருகி எடுத்துப் பார்த்தேன், பிறகும் எஸ் ஆகவே வருகிறது.

ஆனால் பழைய டிஸ்க்கின் டி எழுத்தை ஆர் என்று மாற்ற முயன்றால், பாராமீட்டர் தவறு என்ற ஒற்றை வரிச் செய்தியோடு மறுத்துவிடுகிறது. திறந்திருந்த எல்லாவற்றையும் மூடிப் பார்த்தும் பயனில்லை. இந்த நிலையில் ரெஜிஸ்ட்ரிக்குள் போய் டி வரியை நானே அழித்துவிடலாமா?

சாளரம் (பதில்):

வேண்டாம். அந்தப் பட்டியலில் சி வரியும் பக்கத்திலேயே இருக்கிறது. அதில் கை பட்டால் விண்டோஸுக்குள் நுழைவதே சிக்கலாகலாம்.

அந்தச் செய்தி வருவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் பேஜ் ஃபைல், அதாவது நினைவகம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் கோப்பு. எஸ்எஸ்டியில் இடம் மிச்சப்படுத்துவதற்காக அதை முன்பு டி டிரைவுக்கு மாற்றியிருப்பீர்கள். பேஜ் ஃபைல் இருக்கும் வால்யூமின் எழுத்தைத் தொட விண்டோஸ் விடாது. சிஸ்டம் அமைப்புகளின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் வெர்ச்சுவல் மெமரி என்று போய், டி டிரைவுக்குப் பேஜ் ஃபைல் இல்லை என்றும் சி டிரைவில் சிஸ்டமே அளவை நிர்வகிக்கட்டும் என்றும் அமைத்துவிட்டு, கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். அதன்பின் எழுத்து மாற்றம் தடையின்றி நடக்கும்.

ரீஸ்டார்ட் என்று சொன்னதைக் கவனியுங்கள். விண்டோஸ் 8 முதல் வந்த ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி இயங்கும்போது, சாதாரணமாக ஷட்டவுன் செய்தால் விண்டோஸின் உட்கரு முழுமையாக மூடப்படுவதில்லை. அதன் நிலை டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, அடுத்த முறை அங்கிருந்தே தொடர்கிறது. டிஸ்க்கைக் கழற்றவோ மாட்டவோ போகும் நாளில், ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். அப்போதுதான் முழுமையாக மூடும்.

பதிவேட்டில் குவிந்திருக்கும் பழைய வரிகளை நீக்கியே தீர வேண்டுமென்றால் அதற்கென்றே ‘மவுன்ட்வால்’ என்ற கட்டளை இருக்கிறது. அதனுடன் சாய்கோடும் ஆர் எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால், தற்போது இணைப்பில் இல்லாத வால்யூம்களின் வரிகளை மட்டும் நீக்கிவிடும். உங்கள் வெளிப்புற டிஸ்க்கையும் மாட்டிவைத்துக்கொண்டே அதை இயக்குங்கள். இல்லையேல் இப்போது நிலைபெற்ற எஸ் எழுத்தும் சேர்ந்து போய்விடும்.

நீலவானம்:

காரணம் பேஜ் ஃபைலேதான். அதை சி டிரைவுக்கு மாற்றி ரீஸ்டார்ட் செய்ததும் பழையது ஆர் ஆகவும் புதியது டி ஆகவும் மாறிவிட்டன. ஒருமுறை சைன் அவுட் செய்து உள்ளே வந்ததும் ‘டாக்குமென்ட்ஸ்’ திறந்தது. புகைப்பட மென்பொருளில் எதையும் திருத்த வேண்டியிருக்கவில்லை.

ஒரே ஒரு கேள்வி. இனிப் பழைய டிஸ்க்கை எப்போதாவது மாட்டினால் அது மீண்டும் டி எழுத்தைக் கேட்குமா?

இரவுப்பணி (பதில்):

கேட்காது. பதிவேட்டில் அதன் கையொப்பத்துக்கு நேராக இப்போது ஆர் என்றுதான் இருக்கிறது. நடுவில் வேறொன்று ஆர் எழுத்தை எடுத்துக்கொண்டிருந்தால் காலியான வேறொன்றில் வந்து நிற்கும்; டி பயன்பாட்டில் இருக்கும்வரை அதைத் தொடாது.

ஒன்றை மட்டும் இப்போதே செய்துவிடுங்கள்: பழைய டிஸ்க்கின் வால்யூம் பெயரையும் ‘பழையது 1டிபி’ என்று மாற்றுங்கள். விண்டோஸ் தொடங்காமல் மீட்புச் சூழலுக்குள் போக நேர்ந்தால் அங்கே இந்த எழுத்துகள் எதுவும் செல்லாது. அந்தச் சூழல் தனக்கு எக்ஸ் என்ற எழுத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தன் போக்கில் அடுக்கும். உங்கள் சி அங்கே டி ஆகவோ ஈ ஆகவோ தெரியலாம். அங்கே டிஸ்க் சோதனையோ ஃபார்மட்டோ கொடுப்பதற்கு முன் ‘லிஸ்ட் வால்யூம்’ பட்டியலில் பெயரையும் அளவையும் பார்த்துத்தான் எது எது என்று தீர்மானிக்க முடியும்.